தூண்டில் மீன்பிடிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் போகும்; நீலக் கோடு விழும், பதில் வராது.

கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள சிம்கோ ஏரியில் பனி உறைதல் போதாததால், உறைந்த ஏரிமேல் தூண்டில் போடும் மாசிப் பயணம் கைவிடப்பட்டது. தந்தையர் தின வார இறுதியில் லைசன்ஸ் இல்லாமலே தூண்டில் போடலாம் என்பதால் குடும்பங்களோடு ஸ்கூகொக் ஏரிக்குப் போனோம். மீன் பொரியல் நடந்தது. அதற்கு மட்டும் எல்லோரும் வந்தார்கள்.

இனி மீன் இனங்களை அடையாளம் காணும் அட்டை விஷயம். நமது பிடிபதிவேட்டைப் புரட்டினால் ‘சன்பிஷ்’, ‘சன்பிஷ் சின்னது’, ‘சன்பிஷ் நிறைய’ என்றுதான் இருக்கிறது. அதே குடும்பத்து வேறு மீன்களான கிராப்பியும் ராக் பாஸும் கூட அதற்குள்தான். ஒன்ராறியோ விதிகளில் பிடித்து வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை சன்பிஷுக்கு ஒன்று, கிராப்பிக்கு வேறு. அதிகாரி வாளியைத் திறந்தால் ‘எல்லாம் ஒரே சாதி ஐயா’ என்று சொல்லித் தப்ப முடியாது. மீனைத் துண்டு போட்டுக் கொண்டு வருபவர்களும் இனம் தெரியும் அளவுக்குத் தோலை விட்டுத்தான் வெட்ட வேண்டும். அதனால்தான் படத்தோடு ஓர் அட்டை தயாரித்தேன்.

உடம்பின் நிறத்தை நம்ப வேண்டாம். ஐஸில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அது மங்கிவிடும். மீன் ஈரமாக இருக்கும்போதே செவுள் மூடியின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் கருமடலைப் பாருங்கள். விளிம்பில் சிவப்போ செம்மஞ்சளோ பொட்டு வைத்தாற்போல் இருந்தால் பம்ப்கின்சீட் என்ற சன்பிஷ். கன்னத்தில் நீலக் கோடுகள் நெளிந்து ஓடும். மடல் விளிம்புவரை கறுப்பாகவே இருந்து, முதுகுச் செட்டையின் பின்முனையில் கருந்திட்டும் இருந்தால் புளூகில். வாய் பெரிதாகி, தாடை கண்ணுக்குக் கீழ்வரை வந்தால் கிரீன் சன்பிஷ். கண் சிவந்திருந்தால் அவசரப்படாமல், வாலுக்கு முன்னால் வயிற்றுப் பக்கம் உள்ள அடிச்செட்டையின் முள்ளை எண்ணுங்கள். ராக் பாஸுக்குப் பெரும்பாலும் ஆறு. மூன்றே இருந்து, கண்ணிலிருந்து பின்பக்கம் கருங்கோடுகள் ஓடினால் அது வார்மவுத்தாக இருக்கலாம், நாக்கில் பல் கூட இருக்கும். ஈரி ஏரிக்கரையில் பொயின்ட் பீலி, லோங் பொயின்ட் பக்கம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம், உடனே தண்ணீரில் விட வேண்டும்.

இரண்டு இனம் கலந்து பிறப்பதும் உண்டு. அப்படியானால் ‘கலப்பு’ என்று எழுதுங்கள். அதற்காக ஏரிக்கரையில் நின்று சண்டை பிடிக்க வேண்டாம். கிங்ஸ்டனுக்கு வடக்கே ஒப்பினிகன் ஏரியில் ஆராய்ந்தவர்கள், புளூகிலில் சில ஆண் மீன்கள் பெண் மீனின் தோற்றத்தில் கூட்டுக்குள் நுழைந்துவிடும் என்று கண்டார்கள். மற்ற ஆண்களையே ஏமாற்றும் மீன் நம்மை ஏமாற்றாதா?

இவ்வளவும் அச்சிட்டு, தண்ணீர் படாமல் லமினேற் செய்து கையில் கொடுத்த பிறகும் ஓர் அங்கத்தவர் பதிவேட்டில் ‘சன்பிஷ், வழமையானது’ என்று எழுதியிருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், அவர் இன்றைக்கும் வரவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம், அட்டைச் செலவு நீங்கலாக. அது இப்போதைக்கு என் கைக்காசு. சந்தா பாதிப்பேருக்கு மேல் கட்டவில்லை. புதுத் தூண்டில் தடி வாங்க முடிகிறவர்களுக்குச் சந்தா மட்டும் ஏன் பாரமாகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

வாகனம் தந்தவர்கள், சமைத்த சகோதரிகள், வாளி கழுவிய பிள்ளைகள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் எடுத்தால் சந்தோஷம். யாரும் கை உயர்த்தாவிட்டால் நானே தொடர மறுக்கவில்லை. ஆனால் அட்டையின் இரண்டாம் பதிப்பும் பொரியலும் சந்தா வந்தால்தான். பொருளாளர் வாசலருகே மேசை போட்டிருக்கிறார், தேநீருக்கு அந்த வழியால்தான் போக வேண்டும்.

செயலாளர்