ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதிய தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

"இனிமே விசிலைத் தொட மாட்டேண்ணே" என்று நீ சொல்லிவிட்டுப் போனது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. பஸ் ஏறும் அவசரத்தில் உன்னிடம் சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ ரெஃபரியாக நின்ற சிறுவர் கால்பந்து ஆட்டத்தில் நடந்ததைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். இன்னொரு பிள்ளைக்கு இடம் விட்டு வெளியே போயிருந்த பையன் திரும்ப இறங்க வந்தான். "போனா போனதுதான்" என்று நீ மறித்துவிட்டாய். பெரியவர்களின் பெரிய போட்டிகளில் அது சரி. ஆனால் நம்ம லீக் கொடுத்த தாளில், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறி மாறி இறங்கலாம் என்றிருக்கிறது. கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டைச் சாந்து மழையில் கரைந்து ஒழுக, அந்தப் பையன் கோட்டோரமே நின்றான். அவன் அப்பா கத்த ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை என்னால் மன்னிக்க முடியாது. 19 வயதுப் பிள்ளையிடம் யாரும் அப்படிப் பேசக் கூடாது. இருந்தாலும் விஷயம் அவர் பக்கம்தான்.

நீ விதி தெரியாதவன் இல்லை, புத்தகத்தை வரி வரியாகப் படித்தவன். அதே புத்தகம்தான் சிறுவர் ஆட்டங்களுக்கு மைதானத்தின் அளவு, பந்து, கோலின் அகல உயரம், ஆட்ட நேரம், வெளியே போனவர் திரும்பி வருவது எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது. அந்த ஒற்றைத் தாளும் விதிதான் தம்பி.

நான் இதைக் கற்றது ஒரு குழந்தையின் கையால். ரங்கூனுக்குப் பக்கத்துத் தான்லியினில் ஒரு ஆட்டம், எல்லாம் பொடிசுகள். 4-ஆம் நம்பர் பந்து என்று தாளில் இருந்தது. கையில் கிடைத்த 5-ஆம் நம்பரை, பெரியவர்கள் ஆடும் பெரிய பந்தை, கொடுத்து விசில் ஊதிவிட்டேன். நனைந்து கனத்த பந்து கோலில் நின்ற சின்னப் பெண்ணின் மணிக்கட்டை மடக்கிவிட்டது. கை வீங்கியும் அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து, ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கோச்சையும் கூப்பிட்டு, தாளை அவர்கள் காதுபடப் படித்துவிட்டுத்தான் பந்தைக் கையில் எடுப்பேன். ஒரு நிமிஷ வேலை. பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோவில் நீ நடந்துகொண்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சேற்றில் அந்தப் பிள்ளையின் குதிகால் எழும்பியது, முன்பாதம் தரையில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் "ஃபவுல்!" என்று கத்தியும் நீ ஊதவில்லை. இரண்டு பாதத்திலும் ஏதோ ஒரு பகுதி தரையில் பட்டால் போதும். அனுபவப்பட்டவர்களே அதில் தடுமாறுவார்கள்.

நம்ம தாத்தாமார்கள் கத்தினால் கோபப்படாதே. 1966-லும் 1970-லும் பாங்காக்கில் பர்மா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் வாங்கியதை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள். தொடக்க உதையில் பந்து முன்னால்தான் போக வேண்டும் என்பார்கள். 2016-லேயே அது மாறிவிட்டது. கோல் பக்கத்திலிருந்து உதைக்கும் கோல்கிக்கில் பந்து பெனால்டி பெட்டியைத் தாண்ட வேண்டும் என்பார்கள். அது 2019-ல் மாறியது. ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல், கேட்டுக்கொள்வார்கள்.

பர்மியப் பிள்ளைகள் ரெஃபரியை 'டைன் லூஜி' என்று கூப்பிடுகிறார்களே, லூஜி என்றால் பெரியவர். மீசை அரும்பாத உன்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிள்ளைகளில் ஒருவர்கூட உன்னை எதிர்த்துப் பேசவில்லை, கவனித்தாயா?

வருகிற ஞாயிறு காலை 7 மணி ஆட்டத்துக்கு உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையனின் அணியும் ஆடுகிறது. அவன் இறங்கும்போது நீயே கையைக் காட்டி உள்ளே கூப்பிடு. மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆறரைக்கு வந்துவிடு. பந்தைக் கீழே போட்டு, எழும்புகிறதா என்று பார்த்து, அந்த ஈரத் தரையில் ஆடலாமா என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.

அன்புடன்,
அண்ணன்
ரங்கூன்