கீரைப் பாத்தியை முதலில் அழித்துவிடு

பாலக்கோடு

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வளைகாப்புத் தேதியை உன் மாமியார் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அது கிடக்கட்டும்.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே குத்தகைக்கு எடுத்த நிலத்தில் தண்டுக்கீரை நிற்கிற படம் பார்த்தேன். உழைப்பில் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெங்களூரு கழிவோடு நுரைத்து வருகிற ஆற்றுத் தண்ணீர் அது. பத்திரம் போடும்முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செழிப்பை நம்பாதே. காட்மியம் என்கிற நச்சு உலோகம் ஏறிய கீரையும் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். அலசினால் போவது மேலே ஒட்டிய ஈயப் புழுதி. இலைக்குள் ஏறிய காட்மியம் போகாது. மருமகளுக்கு அதில் ஒரு கட்டுகூடச் சமைக்க வேண்டாம்.

மண்வள அட்டையில் வரும் 12 இனங்களில் ஈயம், காட்மியம் கிடையாது. மண் பரிசோதனைக் கூடத்தில் தனியாகக் கேட்டுப் பணம் கட்டு. பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, பங்கிட்டு அரை கிலோ கொடு. தகர வாளி வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு கணக்கைக் கெடுக்கும். பாசனத் தண்ணீரையும் சேர்த்துக் கொடு. தண்ணீரின் உப்பில் உள்ள குளோரைடு காட்மியத்தை இளக்கி வேருக்குக் கொண்டுபோகும்.

மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். குறையக் குறையப் புளிப்பு அதிகம், உலோகமும் இளகும். அது 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்புக்கல் பொடியோ டாலமைட்டோ போடு, சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். அளவு பரிசோதனைப்படி. 7-ஐ ஒட்டி நிறுத்து. அதிகமானால் இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் இளந்தளிர் வெளுக்கும். ஆர்செனிக் என்கிற நஞ்சு இருப்பதாக வந்தால் சுண்ணாம்பைத் தொடாதே, சுண்ணாம்பு ஆர்செனிக்கை இளக்கிவிடும். யூரியாவைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்; இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடு. துத்தநாகம் குறைவாக இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவு, சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காதே. துத்தநாகம் போதுமான அளவு இருந்தால் செடி காட்மியத்தைக் குறைவாகத்தான் எடுக்கும். மக்கிய தொழுஉரம் நிறையப் போடு; நகரக் குப்பை உரம் வேண்டவே வேண்டாம், அதிலேயே உலோகம் இருக்கும்.

இதெல்லாம் உலோகத்தைக் கட்டிவைக்கும், அகற்றாது. யூரியா போடப்போட மண் மறுபடி புளிக்கும், கட்டியதும் அவிழும். ஆகவே வருஷா வருஷம் பி.எச். பார்.

கீரை, முள்ளங்கி வேண்டாம். சாமந்தி, செண்டுமல்லி போடு. ஓசூரில் விலைக்குப் பஞ்சமில்லை. பூ முடிந்த செடியை மாட்டுக்குப் போடாதே, உரக்குழியிலும் தள்ளாதே.

திரும்பவும் சொல்கிறேன், அந்தக் கீரை வீட்டுக்குள் வரக்கூடாது. நம் கிணற்றுத் தண்ணீரில் அம்மா வளர்த்த சிறுகீரையை ராயக்கோட்டை வழி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம். எந்த நிறுத்தத்தில் வாங்கிக்கொள்வாய் என்று போன் போடு. அம்மாவிடமே சொல்.

அப்பா