மூன்று இலக்கம் கடைசி வரியில் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஏ-லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய) தேர்வுக்கான எச்2 கணிதப் பாடத்தில் துணைப்பாடம் நடத்துகிறேன். அந்தத் தேர்வு நெருங்கும் மாதங்களில், நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள்கூட ஒரே இடத்தில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். கிராஃபிங் கால்குலேட்டர் (வரைபடமும் வரையும் கணிப்பான்) தந்த எண்ணைப் பாதி வழியிலேயே சுருக்கிவிடுகிறார்கள்.

துல்லிய மதிப்பாக வராத விடையை மூன்று முக்கிய இலக்கங்களுக்கு (முன்னால் வரும் சுழியங்களை விட்டு எண்ணும் இலக்கங்கள்) தரும்படி வினாத்தாளின் முகப்பில் இருக்கும். அது இறுதி விடைக்கு. பிள்ளைகளோ ஒவ்வொரு வரியிலும் அப்படியே செய்கிறார்கள். மாவுப் பொட்டலங்களின் சராசரி எடை 500 கிராம், திட்ட விலக்கம் 5 கிராம், இயல்நிலைப் பரவல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் 514 கிராமைத் தாண்டாமல் இருக்க நிகழ்தகவு 0.9974449. இதை 0.997 என்று எழுதிக்கொண்டு, ஒன்றையொன்று சாராத 100 பொட்டலங்களும் அப்படித் தாண்டாமல் இருக்கும் நிகழ்தகவுக்காக நூறாம் அடுக்குக்கு உயர்த்தினால் 0.740 வருகிறது. சரியான விடை 0.774. முறை முழுதும் சரி, விடை தப்பு. எனக்கு வயிறு எரிகிறது.

இதைத் தவிர்க்கக் கருவியிலேயே வழி இருக்கிறது. மாணவர்கள் வைத்திருக்கும் டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர் திரையில் 10 இலக்கம் காட்டினாலும் உள்ளே 14 வைத்திருக்கும். விடை வந்ததும் எஸ்டிஓ (STO, சேமி) பட்டனை அழுத்தி ‘ஏ’ என்ற எழுத்தில் போட்டுவைத்தால், அடுத்த வரியில் ஏ அடுக்கு 100 என்று தட்டினால் போதும். ‘எக்ஸ்’ மட்டும் வேண்டாம். வரைபடத்தின் மேல் கர்சரை நகர்த்தினாலே அதில் இருந்த எண் மாறிவிடும்.

‘துல்லிய மதிப்பைக் காண்க’ என்று கேட்டால் நிலைமை வேறு. இரண்டின் வர்க்கமூலத்துக்கு 1.414213562 என்று எழுதினால் அது தோராயம்தான். வர்க்கமூலத்தையும் ‘பை’ (π) என்ற எண்ணையும் அப்படியே வைத்து விடை தரும் சிஏஎஸ் வகைக் கருவிகளுக்கு இங்கே தேர்வில் அனுமதி இல்லை, கையால்தான் போட வேண்டும். அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். கையால் போட்டு ‘பை வகுத்தல் 4’ என்று விடை வந்தபின், கருவியிலும் 0.785 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாமே.

தேர்வுக்கு முன் கருவியின் நினைவகத்தை அழித்துவிட வேண்டும் என்பதால், அதில் ஏற்றிவைத்த புரோகிராம்கள் உதவாது. எனவே கல்லூரி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: முதலாண்டில் கருவியை அறிமுகப்படுத்தும்போதே, வரைபடம் வரையச் சொல்லித் தருவதற்கு முன், விடையை எழுத்தில் சேமிக்கப் பழக்குங்கள்.

துணைப்பாட ஆசிரியை,
ஈசூன், சிங்கப்பூர்