மீன் சந்தைக் கத்திகளின் கொள்வனவு குறித்து ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்தின் உள்ளூராட்சிச் சபைகளுக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும்,

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

குருநகரில் கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் பட்டறை ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சந்தைகளில் மீன் வெட்டும் தொழிலாளர்களுக்கென மொத்தமாக வாங்கப்படும் கத்திகள் பல என் மேசைக்கு வருகின்றன. அவற்றுக்கான விலைக்கோரல்களில் ‘கறள் பிடிக்காத உருக்கு’ என்பதற்கு மேல் எதுவும் குறிப்பிடப்படுவதில்லை. அந்த ஒரு வரியை வைத்து நல்ல கத்தியையும் கூடாத கத்தியையும் எவராலும் பிரித்தறிய முடியாது.

அண்மையில் பாசையூரிலிருந்து வந்த ஒரு கத்தியின் அலகு தூரத்தில் பார்க்கும்போது பளபளப்பாகவே இருந்தது. உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் பிடித்தபோது, விளிம்பை ஒட்டி ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. சாணை பிடிக்கப் பிடிக்க அந்தக் குழிகள் விளிம்புக்கு வந்துசேர, வெட்டுவாய் பல்லுப் பல்லாக உதிர்ந்தது. பிடியின் ஆணிகளைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே உப்பும் மீன் கழிவும் சேர்ந்து இறுகிய கரிய பசை. அதன் அடியில் இரும்பு பாதிக்கு மேல் அரித்துப்போயிருந்தது. உணவைத் தொடும் கருவி ஒன்று இந்த நிலையில் இருப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் கவனத்துக்கும் உரியது.

உருக்கில் குரோமியம் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம் உருவாகி, கீறுபட்ட இடத்திலும் காற்றிலுள்ள ஒட்சிசனால் மீண்டும் மூடிக்கொள்கிறது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி 1913 இல் உருவாக்கிய உருக்கில் குரோமியம் 12.8 சதவீதம். கடல்நீரின் உப்பிலுள்ள குளோரைட்டு இந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். துளைத்த இடத்தில் அரிப்பு உள்நோக்கியே போகும்.

கத்திக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடினமாவதற்குக் காபன் வேண்டும், ஆனால் அந்தக் காபனே தன் எடையைப்போல் பல மடங்கு குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டு என்ற கடினமான சேர்மமாக ஒதுக்கிவைத்துவிடுவதால், படலத்தை உருவாக்க எஞ்சும் குரோமியம் குறைந்துபோகிறது. இதனால்தான் ஏறத்தாழ 12 சதவீதக் குரோமியமும் 1.5 சதவீதக் காபனும் கொண்ட டி2 உருக்கு எளிதில் கறள் பிடிக்கிறது. 17 சதவீதக் குரோமியம் இருந்தும், காபன் 1 சதவீதம் அளவில் உள்ள 440சி என்ற கத்தி உருக்கு, தன் குரோமியச் சதவீதம் காட்டும் அளவுக்கு உப்பைத் தாங்குவதில்லை. குரோமியத்தின் சதவீதத்தை மட்டும் காட்டி விற்பவரை நம்பவேண்டாம் என்று நான் கேட்பதற்கு இதுவே காரணம்.

அண்மைக்கால உருக்குகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கின்றன. எல்சி200என் உருக்கில் காபனின் ஒரு பங்கை நைதரசன் ஈடுசெய்கிறது. கடல்நீரை அது வியக்கத்தக்க அளவில் தாங்கும். 2021 இல் வெளிவந்த மக்னாகட் என்ற உருக்கில் குரோமியம் 10.7 சதவீதமே என்றாலும், கடினத்துக்கான காபைட்டுகளை வனேடியம், நையோபியம் என்ற வேறு உலோகங்கள் உருவாக்குவதால் குரோமியம் படலத்துக்கே மிஞ்சுகிறது. இவை மிகச் சிறந்த உருக்குகள், ஆனால் சந்தைக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. விலை அதிகம், மக்னாகட் போன்ற கடினமான அலகைச் சாதாரணத் தீட்டுக்கல்லில் தீட்டுவதும் சிரமம். ஐரோப்பியச் சமையற்கூடங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் 1.4116 என்ற வகை, அரை சதவீதக் காபன், ஏறத்தாழ 15 சதவீதக் குரோமியம், சிறிதளவு மொலிப்டினம் கொண்டது. உலோகத்தின் கடினத்தை அளக்கும் ரொக்வெல் அளவில் 55 முதல் 57 வரை கடினமாக்கினால் உப்பையும் தாங்கும், அன்றாடம் தீட்டவும் இணங்கும். நம் தேவைக்கு அது போதும்.

சூடாக்கிக் குளிர்விக்கும் முறையும் உருக்கின் வகையைப் போலவே முக்கியம். கடினமாக்கிய அலகை 200 பாகை செல்சியஸ் அளவில் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துவதற்குப் பதிலாக 500 பாகைக்குக் கொண்டுபோனால், நுண்ணிய குரோமியம் காபைட்டுகள் பிரிந்து, நல்ல உருக்கும் கறளுக்கு இடம் கொடுக்கும். நீரூற்றாமல் வேகமான சாணையில் அழுத்தி விளிம்பை நிறம் மாறவிடுவதும் தவறு. காந்தம் ஒட்டினால் போலி என்ற நம்பிக்கையையும் கைவிடவேண்டும்: சட்டி, பானை செய்யும் 304 உருக்கில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, அதைச் சூடாக்கிக் கடினமாக்கவும் முடியாது, கடினமாக்கிய கத்தி உருக்குகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும்.

ஆகவே, அடுத்த விலைக்கோரலில் உருக்கின் வகை எண், ரொக்வெல் கடினம், வழுவழுப்பாக மெருகிட்ட அலகு, இடைவெளியின்றி வார்த்த பிடி ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்குமாறு வேண்டுகிறேன். சந்தையைக் குளோரின் கரைசலால் கழுவும்போது கத்திகளை அதில் ஊறவிடாமல், உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவைக்கும் ஒழுங்கும் வேண்டும். உவர்க் கிணற்று நீர் அதற்கு உதவாது. மாதிரிக் கத்திகளைக் கடல்நீரில் நனைத்த துணியில் ஓரிரவு சுற்றிவைத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். அவற்றை என் பட்டறைக்கு அனுப்பினால், கட்டணமின்றிப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தருவேன்.

இப்படிக்கு,
சாணைத் தொழிலாளி ஒருவர்,
குருநகர், யாழ்ப்பாணம்