நெய் டின்

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் ஊரில் பஸ் ஏறியவன், மூன்று வருடமாக ஒரு வரி எழுதவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் அனுப்பியதெல்லாம் கணக்கில் வராது. திட்டுவதாக இருந்தால் போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

உங்கப்பா ராணுவத்தில் ரேஷன் ஸ்டோரில் வேலை பார்க்கவில்லையடா. சமையற்கட்டிலும் இல்லை. மிலிட்டரி மாமா டாங்கி ஓட்டியவர் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய நிச்சயமாக.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் டாங்கி கிட் கட்டுவது உனக்குத் தெரியும், நிஜ டாங்கியை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்வது. நூல்கண்டு டாங்கியில் ஆரம்பித்த பைத்தியம், ஐம்பது வயதிலும் விடவில்லை. போன வருடம் முழுக்க ஒரே ஜோடியோடுதான் உட்கார்ந்திருந்தேன். 1971-இல் வங்கத்தில் நேருக்கு நேர் மோதிய இரண்டு டாங்கிகள். நம் பக்கம் ரஷ்யாவின் பிடி-76. பாகிஸ்தான் பக்கம் அமெரிக்காவின் எம்-24 சாஃபி. கரீப்பூர் என்ற ஊரில், நவம்பர் 21 அதிகாலை, பனிமூட்டத்துக்குள் நடந்த சண்டை. போர் என்று முறையாக ஆரம்பித்ததே டிசம்பர் 3-ஆம் தேதிதான். அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே 45 கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவின் 14 பிடி-76 டாங்கிகள், ‘14 பஞ்சாப்’ என்ற காலாட்படைப் பிரிவோடு எல்லை தாண்டி அங்கே போய் நின்றுவிட்டன. அந்த டாங்கி அணிக்குத் தலைமை தாங்கிய மேஜர் தல்ஜித் சிங் நாரக் அந்தச் சண்டையிலேயே உயிரிழந்தார். பிறகு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

சாஃபி எங்கிட்ட இரண்டு இருக்கிறது. இத்தாலிக் கம்பெனியான இத்தாலேரியின் பழைய கிட் ஒன்று, தைவான்காரர்களான ஏஎஃப்வி கிளப்பினுடையது ஒன்று. முதலாவது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டாங்கி உருவத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவதுக்கு மூன்று வாரம் பிடித்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டாவது எங்கேயோ போய்விடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே பச்சையை அடித்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். என் கண் முதலில் பழையதிடம்தான் போனது. கைக்குத் தோதாக, அவசரமில்லாமல் கட்டியது அதில் தெரிகிறதோ என்னவோ. ஆவடி சரவணன் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். நிஜமான டி-90 டாங்கி பக்கத்திலேயே நின்று தினமும் டீ குடிக்கிறவன். அவனுக்கு என் அலமாரியில் இருப்பதெல்லாம் தீப்பெட்டி.

பிடி-76, ட்ரம்பெட்டர் என்ற சீனக் கம்பெனியின் கிட். அது வந்து சேர்ந்த கதை தனி வயிற்றெரிச்சல். வாங்கிய கடைக்காரர் ஒரு சுற்றுக்கூடக் காகிதம் வைத்துக் கட்டவில்லை. பெட்டி ஒரு மூலையில் அப்பளம். நல்லவேளை, உடைந்தது இரண்டே சில்லறை பாகம். பாகங்களைச் சுற்றி மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டத்தை உருக்கி இழுத்து நானே செய்துகொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு டாங்கியும் முடிந்து, முந்தாநாள் ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. நிஜத்தில் சாஃபி 18 டன், பிடி-76 வெறும் 14 டன். அதனால் நம்முடையது சின்னதாக இருக்கும் என்றே இத்தனை நாளும் மனசில் ஒரு படம் இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். சாஃபி பீரங்கிக் குழலோடு சேர்த்து 16 செ.மீ. பிடி-76 குழலோடு 22 செ.மீ. அகலத்திலும் நம்முடையதே கூட. உயரத்தில் மட்டும் சாஃபி ஒன்றரை செ.மீ. தூக்கலாக நிற்கிறது. அதாவது எடை குறைந்த டாங்கிதான் பெரிய டாங்கி! இந்த எண்களைப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், உறைக்கவில்லை. இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கி மேசையில் வைத்த பிறகுதான் உறைத்தது.

ஏன் இப்படி என்றால், பிடி-76 பாதி படகு. ஆற்றில் தானாக நீந்திப் போக வேண்டும். தண்ணீரில் மிதக்க வேண்டுமென்றால் உடம்பு பெரிதாக இருக்க வேண்டும், கனமும் இருக்கக் கூடாது. சக்கரங்கள்கூட உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்தவை, மிதப்பதற்கு உதவட்டும் என்று. பின்புறம் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளும் இரண்டு வாய்கள். முன்னால் ஒரு பலகை, ஆற்றில் இறங்கும்போது தூக்கி நிறுத்துவார்கள், அலை மேலே ஏறாது. அந்தப் பலகை எழுந்தால் டிரைவருக்கு வழி மறைந்துவிடும். அதனால் அவருக்கு முன்னால் இருக்கிற மூன்று பெரிஸ்கோப்பில் நடுவில் உள்ளதை மட்டும் உயர்த்திப் பலகைக்கு மேலாகப் பார்ப்பார். உள்ளே மொத்தம் மூன்றே பேர். டாங்கித் தலைவரே குறி பார்க்கவும் வேண்டும், சுடவும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் விலையாக இரும்பைக் குறைத்துவிட்டார்கள். கவசம் எந்த இடத்திலும் 2 செ.மீ. தாண்டாது. பக்கவாட்டைக் கனமான மெஷின் கன் குண்டே துளைத்துவிடும்.

சேகர், இந்தக் கணக்கை நீயே போட்டுப் பார். கிட்டின் பிளாஸ்டிக் சுவரை நான் அளந்தேன், 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அதை 35-ஆல் பெருக்கினால் மூன்றரை செ.மீ. என் மேசையில் இருக்கிற பொம்மையின் தோல், அளவுப்படி பார்த்தால், நிஜ டாங்கியின் இரும்பைவிடக் கனம்! இருபது வருடமாக டாங்கி கட்டுகிறேன், எந்த டாங்கியைப் பற்றியும் இப்படி வயிற்றைப் பிசைந்ததில்லை.

பிறகு, அந்த 45 கேவல்ரியில் இருந்த, ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி எழுதியதைத் தேடி எடுத்து வாசித்தேன். நம் சிப்பாய்கள் அந்த டாங்கிக்கு வைத்த செல்லப்பெயர் அதில் இருந்தது. பிப்பா. பஞ்சாபியில் பிப்பா என்றால் என்ன தெரியுமா? நெய் டின். காலி நெய் டின் தண்ணீரில் மிதக்கும் இல்லையா, அதனால் அந்தப் பெயர்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

“நாலு வருஷம் நெய் டின்லயே உக்காந்திருந்தேன்டா.” உங்கள் வீட்டுத் திண்ணையில் மாமா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் நாம் சிரித்தோம். குண்டு ராஜன், “எங்களுக்கு ஒரு கரண்டியாவது கொண்டாந்திருக்கக் கூடாதா மாமா?” என்று கேட்டதும் அவர் இருமல் வரச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறதா? ஊரே அவரை ஸ்டோர்காரர் என்று முடிவு கட்டியது. நெய் டின் என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடம் வரைக்கும் அதைக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். எட்டாம் வகுப்பில் நீ ராஜன் சட்டையைக் கிழித்தாயே, அன்றைக்கு அவன் வாயில் இருந்த வார்த்தை நான் கொடுத்தது. இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன். மன்னித்துவிடு. மாமாவிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு, அதற்கு வழியில்லாமல் போய்விட்டது.

அவர் ஏன் ஒரு தடவைகூட விளக்கிச் சொல்லவில்லை? இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். பேச விருப்பமில்லாதவர் என்றால் நெய் டின் என்ற வார்த்தையையே எடுத்திருக்க மாட்டார். சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார். யாராவது ஒருத்தன் ‘அதென்ன மாமா நெய் டின்?’ என்று கேட்பான் என்று காத்திருந்தாரோ? நாம் நெய்யைக் கேட்டோம்.

சரி. உன்னால் எனக்கு மூன்று காரியம் ஆக வேண்டும்.

முதலாவது, அந்தப் போட்டோ. கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், மாமா ஜெர்ஸி போட்டுக்கொண்டு ஒரு வண்டிக்கு முன்னால் நிற்பாரே, அது. காரியத்தன்று அதையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் தோளுக்கு மேலாக ஒரு குழல் போகும். அதன் முனையைச் சந்தன மாலை மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டியதே அந்த முனைதான். 1951-இல் வந்த முதல் பிடி-76-க்குக் குழல் முனையில் வரிசையாகத் துளை போட்ட நீளமான மூடி இருக்கும், புடைப்பு இருக்காது. பிந்தைய வடிவங்களில் முனை குட்டையாக இருக்கும், அதற்குக் கொஞ்சம் பின்னால் புகையை இழுக்கிற ஒரு புடைப்பு, மலைப்பாம்பு எலியை விழுங்கின மாதிரி. நம் படையினுடையது என்று நான் பார்த்த படங்களிலெல்லாம் புடைப்பு இருக்கிறது. அதனால் பிந்தைய வடிவத்தைத்தான் கட்டியிருக்கிறேன். ஆனால் குழலை இன்னும் ஒட்டவில்லை. மாமாவின் டாங்கியில் என்ன இருந்தது என்று பார்க்காமல் ஒட்ட மனசு வரவில்லை. அத்தையிடம் சொல்லி மாலையை ஒரு நிமிடம் நகர்த்தி, போனில் ஒரு படம் எடுக்கச் சொல். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் பக்கவாட்டில் நின்று எடுக்கட்டும்.

இரண்டாவது, பென்ஷன் புத்தகமோ டிஸ்சார்ஜ் புத்தகமோ, எது கிடைத்தாலும். படைப்பிரிவின் பெயர் அதில் இருக்கும். 45 கேவல்ரி என்று இருந்தால் எனக்கு உடனே போன் பண்ணு, எத்தனை மணியானாலும் சரி. வேறு பிரிவாக இருந்தாலும் ஒன்றும் குறையில்லை. 1971-இல் பிடி-76 வைத்திருந்த படைப்பிரிவு அது ஒன்று மட்டுமில்லை.

மூன்றாவது, மாமாவின் உயரம். இது எதற்கென்று கேட்பாய். டிரைவரின் மூடியைத் திறந்து வைத்து, அதிலிருந்து தலையும் தோளுமாக ஓர் ஆளை நிறுத்தப் போகிறேன். அவர் அப்படியொன்றும் நெட்டை இல்லை, 5 அடி 7 அங்குலம் இருப்பாரா? 170 செ.மீ. என்று வைத்தால் என் கணக்கில் 4.9 செ.மீ. வருகிறது. சுண்டு விரல் உயரம். நெற்றியும் அந்தக் காதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீசை அப்போது இருந்ததா என்று போட்டோதான் சொல்ல வேண்டும்.

இந்த 35 என்ற எண்ணே ஒரு பேட்டரி பண்ணின வேலை, உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஜப்பானின் தமியா பொம்மைக் கம்பெனி 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி செய்தது. உள்ளே பேட்டரி அடங்குகிற அளவுக்கு உடம்பைச் செய்து, பிறகு அளந்து பார்த்தார்களாம், ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு. அதையே உலகம் பிடித்துக்கொண்டது. அதைச் செய்த ஷுன்சாகு தமியா 2025-இல், 90 வயதில் காலமானார். செய்தியைப் படித்த அன்று கடை வேலையை விட்டுவிட்டு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். பச்சை மூடி போட்ட அந்தப் பசை பாட்டில் இல்லாமல் என் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடப் போனதில்லை.

நிறம் ஏறக்குறைய முடிந்தது. சேறுதான் பாக்கி. நேற்று கைப்பழக்கத்தில் நம்ம ஊர்ச் செம்மண் தூளை எடுத்துவிட்டேன், பூசப்போன நேரத்தில் சுரீர் என்றது. வங்கத்து வயல் மண் அந்த நிறமா? ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், சாம்பலும் பழுப்பும் கலந்தது. மாமா மிதித்த சேற்றில் பொய் வேண்டாம் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

உன்மேல் ஒரு குறை உண்டு. இருபது வருடமாகப் புனேயில் இருக்கிறாய். அங்கிருந்து 120 கி.மீ.தான் அகமத்நகர், இப்போது அஹில்யாநகர் என்கிறார்களே, அதேதான். அங்கே கவசப்படையின் டாங்கி அருங்காட்சியகம் 1994-லிருந்து இருக்கிறது. ஷீரடிக்கு ஆறு தடவை அந்த வழியாகவே போயிருக்கிறாய், ஒரு தடவைகூட இறங்கவில்லை. மே மாதம் நான் வருகிறேன். சேர்ந்து போகிறோம். உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா, தாத்தாவின் கதையை அங்கே நின்று சொல்லலாம். சாக்கு எதுவும் சொல்லாதே.

கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் ஓசூரில் வேலையில் சேர்ந்துவிட்டான். மற்றதெல்லாம் போனில்.

அத்தைக்கு மட்டும் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒருவேளை அவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கலாம். முதலில் மாலையை நகர்த்தச் சொல், பிறகு மெதுவாகக் கேள்: ‘அப்பா நெய் டின்னு சொன்னது எதை?’

டிரைவர் மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன். படம் அனுப்பு.

அன்புடன்,
பாலு