அந்த அம்மாவோட இடத்துல அஞ்சு நிமிஷம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கத்துல ஒரு பாடசாலையில நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். போன வருஷம் பேரண்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு நடந்தத எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. காலையில 9 மணிக்கு மீட்டிங், ஒரு அம்மா 11 மணிக்கு வந்தாங்க, கொழுந்து பறிக்கிற தேயிலை மலையில இருந்து நேரா வந்திருக்காங்க, இடுப்புல கட்டியிருந்த சாக்கு படங்க கழட்டி கையில சுருட்டி வச்சிருந்தாங்க, காலெல்லாம் சேறு. புள்ள மேல அக்கறையே இல்லையா உங்களுக்குன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் பேசல, கையெழுத்த போட்டுட்டு போயிட்டாங்க. பின்னால யாரோ சிரிச்சாங்க, அவங்க மக தலைய நிமித்தவே இல்ல.

அடுத்த கெழமை 9ஆம் வகுப்புல ரோல் பிளே, அதாவது வேற ஒருத்தரா நின்னு நடிச்சி பாக்குறது, செய்ய வேண்டியிருந்திச்சி. அந்த புள்ளைய மறுபடி நோகடிக்க கூடாதுன்னு வேற தோட்டம், வேற குடும்பம்னு கதைய மாத்தி, அம்மாவா நிக்கிறதுக்கு டவுன்ல கடை வச்சிருக்கிற வீட்டு பையன் ஒருத்தன கூப்பிட்டேன், மலையில வேல வாங்குற கங்காணிக்கு தோட்டத்து பையன் ஒருத்தன், டீச்சருக்கு ஒரு பொம்பள புள்ள. மொதல்ல எல்லாம் விளையாட்டாதான் போச்சு. கங்காணி கத்துறான், அம்மா குரல மாத்தி பேசுறான், கிளாஸே சிரிக்குது. இத்தோட விட்டிருந்தா அது வெறும் நக்கலாத்தான் முடிஞ்சிருக்கும், நெறைய எடத்துல ரோல் பிளேன்னு சொல்லி செய்றதே இதுதான்.

அப்புறம் ஆள மாத்தினேன். அம்மாவா நின்னவன் கங்காணி, கங்காணியா நின்னவன் அம்மா. மாறி நிக்கிற இந்த முறைக்கு பெரிய சரித்திரமே இருக்கு, வியன்னாவுல டாக்டரா இருந்த ஜேக்கப் மொரேனோ சைக்கோடிராமாங்கிற நாடக வழி மன வைத்தியத்துல இத ஒரு முறையாவே வளத்தெடுத்தாரு, பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் பாக்குற சனத்துல ஒருத்தரயே மேடைக்கு கூப்பிட்டு நீ இந்த எடத்துல இருந்தா என்ன செய்வேன்னு செஞ்சி காட்ட வச்சாரு. நான் செஞ்சது அவ்வளவு பெரிய வேல இல்ல, கேள்விதான் கேட்டேன். வேலைக்கு பேர் குடுக்கிற பெரட்டு காலையில எத்தன மணிக்கு? கைப்புள்ளைய எங்க விட்டுட்டு வந்தீங்க? இன்னிக்கு கிலோ வராட்டி என்னாகும்?

தோட்டத்து பையன் டக்குனு சொன்னான், 18 கிலோ வராட்டி அரைப்பேர்தான் டீச்சர், அப்ப பாதி சம்பளம். கடை வீட்டு பையனுக்கு அரைப்பேர்னா என்னன்னே தெரியாது. அன்னிக்கு அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா, அது அவ்வளவு கிலோ கொழுந்து இருந்தா மட்டுந்தான் முழுசா வரும்னு அவனுக்கு அப்பதான் வெளங்கிச்சி. காலை நிறுவைக்கு முன்னாடி மலைய விட்டு எறங்க ஏலாது, எறங்கினா அந்த நாளே போச்சு. கங்காணியா நின்னவன்கிட்ட உங்களுக்கு மேல யாருன்னு கேட்டேன், கணக்கப்புள்ளன்னான், அவருக்கு மேல சின்னத்தொரைன்னான், கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு கொழுந்து கொறஞ்சா எனக்கும் ஏச்சு விழும்ல டீச்சர்னு கேட்டான். கங்காணி செய்றதெல்லாம் சரின்னு யாரும் சொல்லல, ஆனா அந்த ஆள் ஏன் அப்படி கத்துறாருன்னு கிளாஸ்ல எல்லாரும் யோசிச்சாங்க.

அப்ப டீச்சரா நின்ன புள்ள என்னைய பாத்து, டீச்சர் நீங்க அம்மாவா வாங்கன்னா.

போய் நின்னேன். ஏன் லேட்டுன்னு அவ கேக்குறா, அப்படியே என் குரல்ல கேக்குறா. நான் கிளாஸுக்கு தினம் சொல்லி குடுக்குற ஆள், எனக்கு வாய்ல வார்த்த வரல. லீவு கேட்டேன் குடுக்கலன்னு சொன்னா கங்காணிய போட்டு குடுத்த மாதிரி ஆகும், சம்பளம் வெட்டுவாங்கன்னு சொன்னா புள்ளைய விட காசு பெருசான்னு கேப்பாங்க. பேசாம இருக்கிறதுதான் மிச்சம்னு அங்க நின்னப்பதான் தெரிஞ்சிது. அந்த அம்மா வாய் தொறக்காம போனது திமிரும் இல்ல அக்கறையில்லாததும் இல்ல. அன்னிக்கு சாயங்காலமே அவங்க குடியிருக்கிற லயத்துக்கு போய் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன், டீத்தண்ணி குடிச்சிட்டு போங்க டீச்சர்னாங்க.

இதெல்லாம் நம்ம மலையகத்துக்கு புதுசும் இல்ல. மாசி மாசம் மன்மதன் எரிஞ்சி போற கதைய ஆடுற காமன் கூத்துல ஆம்பளைங்க ரதியா வேஷம் கட்டி விடிய விடிய ஒப்பாரி வச்சி அழறத நாம பாத்துக்கிட்டுதானே வளந்தோம். காப்பு கட்டி விரதம் இருந்துதான் அந்த வேஷத்துக்குள்ள போவாங்க, முடிஞ்சதும் அந்த காப்ப கழட்டணும். அடுத்தவங்க வாழ்க்கைக்குள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் ஒரு வாசல் இருக்குன்னு நம்ம பெரியவங்க தெரிஞ்சி வச்சிருக்காங்க. கிளாஸ்லயும் அது வேணும். முடிஞ்சதும் புள்ளைகள வட்டமா உக்கார வச்சி அவங்கவங்க சொந்த பேர சொல்ல வச்சி, எந்த எடத்துல மனசு கஷ்டமா இருந்திச்சின்னு பேச விடணும், இல்லாட்டி கங்காணியா நின்னவன லயத்துல போற வர்றவன் எல்லாம் கங்காணின்னே கூப்பிடுவான். வீட்டுல அதே கஷ்டம் இருக்கிற புள்ளைக்கு அதே பாத்திரத்த எக்காரணம் கொண்டும் குடுக்க கூடாது.

அஞ்சு நிமிஷம் நின்னுட்டு கொழுந்து பறிக்கிறவங்க கஷ்டம் முழுசா வெளங்கிட்டுன்னு நான் சொல்ல மாட்டேன், அட்டக்கடியையும் மழையில நனஞ்ச கூடையோட பாரத்தையும் கிளாஸ் ரூம்ல நடிச்சி காட்ட ஏலாது. ஆனா என்ன கேக்கணும், எத கேக்க கூடாதுன்னு தெரிஞ்சிது.

இந்த நாடக பாடத்த ஓ லெவல் பரீட்சைக்கு நோட்ஸ் எழுதி மனப்பாடம் பண்ற பாடமா நாங்களே ஆக்கி வச்சிருக்கோம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மாதிரி எடங்கள்ல படிச்சிட்டு தோட்டத்து பாடசாலைக்கு வர்ற புது டீச்சர்மார், கணக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவங்களும் சேத்துத்தான், வேலைக்கு சேர முன்னாடி ஒரு தடவையாவது பெற்றோரா மாறி நின்னு பாக்கணும்னு கேட்டுக்குறேன். எங்க வகுப்பு மீட்டிங்க இப்ப சம்பள நாளுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டோம், போன தடவ அந்த அம்மாதான் மொதல்ல வந்தாங்க.

சின்ன வகுப்பு புள்ளைகளோட இத எப்படி செய்றதுன்னு எனக்கு இன்னும் சரியா வெளங்கல. செஞ்சி பாத்த டீச்சர்மார் யாராவது இருந்தா இதே பக்கத்துல எழுதுங்க, உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
நாடக ஆசிரியை ஒருத்தர்,
ஹட்டன்