பேத்திக்கு ஊசி போட்டுவிடு

கும்பகோணம்

அன்புள்ள கலியமூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. தரிசு உளுந்தில் மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய் விழுந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். தேமல் கண்ட செடிகளை உடனே பிடுங்கிவிடு. வெள்ளை ஈ அவற்றிலிருந்துதான் மற்றவற்றுக்கு நோயைக் கொண்டுபோகும். அடுத்த தையில் வம்பன் 8 விதை கேட்டுப் பார், தேமலைத் தாங்கும். கண்ணுக்கே தெரியாத வைரஸ் எப்படி ஓர் உயிரைச் சாய்க்கிறது என்று கேட்டிருந்தாயே, அதைத் தேடிப் படிக்கப் போய் மனித உடலில் வந்து நின்றேன்.

செல்லுக்குள் பழுதான, வேலை முடிந்த புரதங்களை ஒழிக்க ஓர் ஏற்பாடு உண்டு. 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை அவற்றின்மேல் சங்கிலியாகக் கோத்துவிடும். அந்தச் சங்கிலி இருப்பதைப் புரோட்டியாசோம் என்ற செல்லின் வெட்டு எந்திரம் துண்டுதுண்டாக்கிவிடும். சாலையை அகலப்படுத்தும்போது வெட்ட வேண்டிய புளியமரத்துக்குப் பெயிண்டில் எண் போடுவார்களே, அப்படி. வெட்டுகிறவன் எண்ணைத்தான் பார்ப்பான். இதைக் கண்டுபிடித்த செக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் கை வைப்பது எண் போடுகிற இடத்தில்! கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் இ6 என்ற புரதம், எண் போடுகிற செல்லின் சொந்த நொதி ஒன்றைப் பிடித்துப் பி53 என்ற புரதத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. டி.என்.ஏ. சிதைந்த செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவதும், தேவைப்பட்டால் சாகவைப்பதும் இந்தப் பி53-தான். பல புற்றுநோய்களில் இதன் மரபணுவே கெட்டிருக்கும். இங்கே பெரும்பாலும் மரபணுவில் குறையே இல்லை. செல் பி53-ஐச் செய்துகொண்டே இருக்கிறது. செய்யச் செய்ய அழிந்துகொண்டே இருக்கிறது. படித்தபோது எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது.

எச்.ஐ.வி.யும் இதே வழியில்தான், தன் மரபுச் செய்தியைக் குலைக்க வரும் அபோபெக்3ஜி என்ற செல்லின் புரதத்தை ஒழிக்கிறது. உன் உளுந்து வைரஸ் சேர்ந்த ஜெமினி வைரஸ் குடும்பத்திலும் எண் போடுகிற இந்த நொதிகளைக் குழப்பும் புரதங்களைக் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதியது உன் பேத்தியை நினைத்துத்தான். பாப்பிலோமா தடுப்பூசிக்கு 9 முதல் 14 வயதுதான் ஏற்ற காலம். வைரஸ் உள்ளே குடியேறிய பிறகு ஊசியால் அதை விரட்ட முடியாது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 ஆகிய இரு வைரஸ் வகைகளையும் இந்த ஊசி தடுக்கும். "சின்னப் பெண்ணுக்கு இப்போது எதற்கு?" என்று மருமகள் தயங்கினால் என்னிடம் பேசச் சொல். பள்ளி விடுமுறையில் இங்கே அழைத்துவந்தாலும் சரி, டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
ரெங்கராஜன்